ஐந்து மில்லிமீற்றர்

2024 செப்டெம்பர் 17, செவ்வாய்

இன்றும் ஒற்றை மேடுதான்.

காலையில் உருத்திரபுரத்தில் பஸ் ஏறி, கிளிநொச்சியில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் நெரிபட்டு, கம்பஸ் வாசலில் அட்டையைக் காட்டி, ஆய்வுகூடத்தைத் திறந்து, அலையை அளக்கிற அனலைசர் சூடேற அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்து — ஒற்றை மேடு. திரையில் கோடு நடுவில் ஒரு தரம் எழும்பி இறங்குகிறது. இரண்டு தரம் எழும்ப வேண்டும். லென்ஸுக்கு முன்னால் இரண்டு குட்டி அன்ரெனா இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. நான் அனுப்புகிற நுண்ணலையின் நீளம் பத்து சென்ரிமீற்றர். அலை நீளத்தில் பாதியை விடச் சின்னதெல்லாம் சாதாரண லென்ஸுக்கு ஒரே மங்கல். நுணுக்கத்தைச் சுமக்கிற அலைகள் பொருளை விட்டு விரலளவு தூரம் போக முதலே செத்துவிடும்.

சாகிற அந்த அலைகளைப் பிடித்து எழுப்பி மற்றப் பக்கம் சேர்க்கிற லென்ஸ் ஒன்று கணக்கில் உண்டு. பூரண லென்ஸ் என்று பெயர். வளைவே இல்லை, தட்டை. அலையை வழமைக்கு எதிர்ப்பக்கமாக முறிக்கும். அப்படி ஒரு பொருள் மண்ணில் கிடையாது, நாங்கள்தான் செய்ய வேண்டும். அலையை விடச் சிறிய செப்பு வளையங்களை நெருக்கி அடுக்கினால் அலைக்கு அது வளையமாகத் தெரியாது, புதுப் பொருளாகத் தெரியும். மீப்பொருள்.

நானும் குகதாசன் அண்ணையும் செப்புப் பூசிய பலகையை நாற்பத்தெட்டு ஒடுங்கிய கீலமாக வெட்டி, அமிலத்தில் வளையங்களை அரித்து, சோடாப் போத்தல் பெட்டியின் உள்தடுப்பு மாதிரிக் கோர்த்தோம். அவர் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். பூநகரியில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் வேலை. என் வேலையும் அப்படித்தான், தற்காலிக உதவி விரிவுரையாளர். பெயர்தான் நீளம்.

பின்லாந்தில் ஹன்னா என்றொரு பேராசிரியை இருக்கிறா. இரண்டு மேட்டைக் காட்டினால் கலாநிதிப் படிப்புக்கு எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறா. எனக்கு முப்பத்தொன்று. இது மூன்றாவது விண்ணப்பம். நாலாவது இல்லை.

செப்டெம்பர் 25

ஒற்றை மேடு.

ஒக்டோபர் 2

ஒற்றை மேடு. என் மேற்பார்வையாளர் ஜெயந்தன் சேர் வந்து பார்த்துவிட்டு, "என்ன பிரியந்தினி, இன்னும் ஒண்டுதானோ?" என்றார். வயிற்றில் பிள்ளை ஒன்றா இரண்டா என்று கேட்கிற மாதிரி.

ஒக்டோபர் 11, வெள்ளி

வாணி விழா. பொறியியல் படித்தவர்கள் எல்லாரும் வேட்டி கட்டி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அனலைசர், அலைகாட்டி, ஈயம் பற்றுகிற பற்றாசுக்கோல், போன வருடம் செத்த கணினி, எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் அப்பினார்கள். அனலைசரின் திரையில் குங்குமம் வைத்த பெடியனை நான் பகிடி பண்ணினேன். "சரஸ்வதிக்கு இது தொடுதிரை எண்டு தெரியுமோ?" எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மட்டும் மேசையடியில். லென்ஸைப் பார்த்தேன். சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தேன். வெளியில் வைத்தால் காண்பார்கள், என்னைக் கொன்றுவிடுவார்கள். நடுவில் இரண்டு கீலத்தை மெல்ல மேலே உருவி, ஒவ்வொன்றிலும் நடு வளையத்தின் மேல் ஒரு பொட்டு வைத்து, திரும்ப இறக்கிவிட்டேன். அன்ரெனா இரண்டு, அவற்றுக்கு நேரே பொட்டும் இரண்டு.

'இந்த முறையாவது' என்று மனதுக்குள் சொன்னேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒக்டோபர் 14, திங்கள்

இரண்டு.

இரண்டு மேடு! நடுவில் பள்ளம், ஆழமான பள்ளம். திரும்ப ஓடவிட்டேன். இரண்டு. குகதாசன் அண்ணையைக் கூப்பிட்டு அவரையே பொத்தானை அமத்தச் சொன்னேன். இரண்டு. கத்திவிட்டேன், பக்கத்து அறையில் விரிவுரை நின்றுவிட்டது.

அண்ணை திரையைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார். "நல்லம் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். அந்த மனுசனுக்குச் சந்தோசத்தைக் காட்டவும் தெரியாது.

பொட்டைத் துடைக்க வேண்டும். ஆனால் இப்போது லென்ஸில் கை வைக்கப் பயமாக இருக்கிறது. ஓடுகிற மெசினில் கை வைக்கக் கூடாது. பிறகு பார்ப்போம்.

ஒக்டோபர் 16

மூன்று நாள், இருபத்திரண்டு ஓட்டம், எல்லாம் இரண்டு. அன்ரெனாக்களைக் கொஞ்சம் நகர்த்தியும் அளக்க வேண்டும் என்று சேரிடம் சொன்னேன். அண்ணை அவற்றை அசையாமல் இருக்கப் பசை போட்டு இறுக்கியிருக்கிறார். கழற்றிப் பூட்ட ஒரு நாள் வேணும், பிறகு எல்லாம் முதலில் இருந்து. சேர் சொன்னார், "நல்லா இருக்கிறதை ஏன் கிண்டுறீர்? முதல்ல கட்டுரையை எழுதும்."

சரிதானே. எழுதத் தொடங்கினேன்.

நவம்பர் 9

பேப்பரில் படம். 'கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் கண்ணாடி: கிளிநொச்சி யுவதி சாதனை.' படத்தில் சேர் லென்ஸைப் பிடித்திருக்கிறார், நான் சேரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குகதாசன் அண்ணையின் முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது.

அம்மா பேப்பரைத் தூரப் பிடித்து வாசித்துவிட்டு, "அப்ப எனக்கும் ஒரு சோடி செய்து தாவன் பிள்ளை, ஊசியில நூல் கோர்க்கேலாமக் கிடக்கு" என்றா. அது கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி இல்லை, ஒளியையே பார்க்காது என்றேன். "ஒளியைப் பாக்காட்டி அது என்ன கண்ணாடி?" என்றா. நான் இரண்டு வருடமாகப் பதில் தேடுகிற கேள்வி.

நவம்பர் 28

மூன்று நாளாக மழை. இரணைமடுக் குளத்துக் கதவெல்லாம் திறந்தாச்சு. விதைத்த வயல் எது, வெள்ளம் எது என்று தெரியவில்லை. கம்பஸ் பூட்டு. அம்மா கதிரைகளை மேசைக்கு மேல் ஏற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் இருக்கிறா. எனக்கு ஆய்வுகூடக் கூரையைப் பற்றித்தான் யோசனை. நான் என்ன சீவன்?

டிசம்பர் 20

கட்டுரையை மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். முதல் பெயர் ஜெயந்தன் சேர். இரண்டாவது நான். மூன்றாவது பெயர் இல்லை.

2025 ஜனவரி 19, ஞாயிறு

கௌரவிப்பு. சந்தியில் பனர், அதில் என் மூக்கு மட்டும் ஒரு முழம். கிராம அபிவிருத்திச் சங்கம் பொன்னாடை போர்த்தியது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கட பிள்ளை செய்த கண்ணாடியால இனிச் சுவருக்கு அங்கால நடக்கிறதையும் பார்க்கலாம்" என்றார். பின்வரிசைப் பெடியள் விசிலடித்தார்கள். அவர்கள் எதை நினைத்தார்களோ!

வடிவம்மா மாமி கையைப் பிடித்து அழுதா. "உன்ர அப்பர் இருந்திருந்தா…" என்றா. அப்பா இருந்திருந்தால் அந்தத் தலைவரை மேடையிலேயே திருத்தியிருப்பார். அவர் கணித வாத்தியார்.

குகதாசன் அண்ணை பின்னால் நின்றார், மனைவி சுரேகாவோடு. அழைப்பு அவருக்கு நான்தான் சொன்னேன். மேடைக்கு ஏறச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். மறந்தேனா?

பெப்ரவரி 18, செவ்வாய்

ஹன்னாவின் கடிதம்! இடம் தயார். செப்டெம்பரில் தொடங்கலாம். ஒரே ஒரு சின்ன விசயம்: "அன்ரெனா இரண்டையும் ஐந்து மில்லிமீற்றர் இடப்பக்கம் நகர்த்தி, அந்தப் படத்தையும் அனுப்புங்கள். மேடுகள் கூடவே ஐந்து மில்லிமீற்றர் நகரும் அல்லவா? கோப்பில் சேர்க்கத்தான்."

ஐந்து மில்லிமீற்றர்தானே.

பெப்ரவரி 21

அண்ணை நாள் முழுக்க இருந்து பசையைச் சுரண்டி, பிடியை நகர்த்தி, திரும்ப இறுக்கினார். அளந்தேன்.

மேடுகள் நகரவில்லை.

பெப்ரவரி 24

நகரவில்லை. பத்து மில்லிமீற்றர் தள்ளினேன். நகரவில்லை. ஒரு அன்ரெனாவை நிப்பாட்டிப் பார்த்தேன். ஒன்றுதானே வேலை செய்யுது, ஒரு மேடுதானே வர வேணும்? ரெண்டும் அப்பிடியே நிக்குது.

நிலைக்கண்ணாடிக்கு முன்னால நிண்டு தலையைத் திருப்பினால் கண்ணாடிக்குள்ள இருக்கிற முகம் திரும்பாமல் என்னையே பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரி.

பெப்ரவரி 26

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறேன். அலை தெறிக்காமல் குடிப்பதற்கு உமிக்கரியில் கூம்பு செய்து, லென்ஸை வைத்து அளக்கிற பெட்டியின் சுவரில் ஒட்டியிருந்தோம், உருத்திரபுரம் மில்லில் இருந்து அண்ணை மூட்டையாகக் கொண்டுவந்த உமி. மாரியில் அது ஈரம் குடித்திருக்குமோ என்று வெயிலில் காயப் போட்டோம். பிழை அதில் இல்லை. கேபிளை மாற்றினோம். அதிலும் இல்லை.

பிறகு நான் குகதாசன் அண்ணையில் பாய்ந்தேன். மூன்றாம் வருடப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் நின்றார்கள். "உங்கட ஈயப் பற்றுத்தான் பிழை. நான் ஆயிரம் தரம் சொன்னனான், கவனமாச் செய்யுங்கோ எண்டு. இது மோட்டார் சைக்கிள் இல்லை!" என்று கத்தினேன்.

அவர் கையில் இருந்த திருகாணிச் சாவியை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். சொல்லவில்லை. "ஓம் மிஸ்" என்றார்.

தங்கச்சி என்று சொல்லவில்லை.

பெப்ரவரி 28, வெள்ளி

லென்ஸை முழுதாகப் பிரித்தேன். இருபத்து மூன்றாவது கீலம். இருபத்தைந்தாவது கீலம். நடு வளையத்தில் மஞ்சள். காய்ந்து ஓரத்தில் வெடித்த மஞ்சள். கத்தியால் சுரண்டினேன், செப்பும் கூட வந்தது.

நான்தான். நானேதான்.

வளையத்தின் இடைவெளியில் ஏதாவது பட்டால் அதன் அதிர்வெண் மாறும். இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு நானே படிப்பிக்கிறேன். மற்ற வளையமெல்லாம் ஒரு சுருதியில் நிற்க அந்த இரண்டும் வேறு சுருதி, அலை போய் அங்கே தேங்கும். நான் பார்த்தது அன்ரெனாக்களின் படம் இல்லை. என் பொட்டின் படம். அன்ரெனாவுக்கு நேரே வைத்தபடியால் கிட்டத்தட்டச் சரியான இடத்தில் வந்து நின்று என்னை ஏமாற்றியது. இல்லை, அது ஒருத்தரையும் ஏமாற்றவில்லை.

இந்தப் புத்தகத்தைப் பின்னால் புரட்டினேன். ஒக்டோபர் 11. ஒக்டோபர் 14: 'பொட்டைத் துடைக்க வேண்டும்.' என் கையெழுத்து. தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லுவன்? துடைச்சால் ரெண்டும் ஒண்டாயிடும் எண்டு எனக்கு எங்கயோ ஒரு மூலையில தெரிஞ்சிருக்கு. அதுதான் துடைக்கேல்லை. அதுதான் மறந்தனான்.

மார்ச் 3, திங்கள்

சேரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். பேராசிரியர் பதவிக்கு அவர் கொடுத்திருக்கிற கோப்பில் முதலாவது கட்டுரை இதுதான்.

முதலில், "அளவெடுக்கிற மெசின் பழுது எண்டு எழுதிவிடும்" என்றார். ஹன்னா சும்மா விடமாட்டா என்றேன். மாநாட்டுக் கட்டுரையைத் திருப்பி எடுக்கலாம், அது பெரிய பிழை இல்லை, உலகத்தில் எல்லாரும் செய்வது என்றார். காரணம் மட்டும் ஒழுங்காக எழுத வேண்டுமாம்.

"பொட்டு வச்சது ஆர்?"

"நான், சேர்."

"அதை ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை."

"ஆய்வுகூடப் பொருளுக்குப் பொறுப்பு ஆர்? குகதாசன். விழாவுக்கு மேசையில எடுத்து வச்சது ஆர்? குகதாசன். உதவியாளரின் கவனயீனம் எண்டு எழுதும். அந்தாளுக்கு ஒண்டும் வராது, நான் பாத்துக்கொள்ளுறன். நீரெண்டு எழுதினா நீரும் முடிஞ்சுது, நானும் முடிஞ்சன்."

மார்ச் 4

எழுதினேன். 'எங்கள் ஆய்வுகூட உதவியாளர் ஒரு சமய நிகழ்வின்போது லென்ஸின் உட்பகுதியில் சந்தனப் பசையைப் பூசியதை நான் கண்டுபிடித்துள்ளேன்.' ஆங்கிலத்தில் அந்த வசனம் எவ்வளவு துப்புரவாக இருக்கிறது. 'கண்டுபிடித்துள்ளேன்' என்றும் போட்டிருக்கிறேன்.

ஹன்னாவுக்கு அனுப்பி, சேருக்கும் ஒரு பிரதி போட்டுவிட்டுக் கை கழுவினேன். உண்மையாகவே எழும்பிப் போய்க் கழுவினேன்.

மார்ச் 6

ஹன்னா: "உங்கள் நேர்மை என்னை நெகிழ வைத்தது. இப்படிப்பட்ட மாணவியைத்தான் நான் தேடுகிறேன். இடம் உறுதி."

அம்மா பால்பொங்கல் வைத்தா. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 31

குகதாசன் அண்ணையின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஏழு வருடம். காரணம்: 'ஆய்வு உபகரணத்துக்குச் சேதம் விளைவித்தமை.' இணைப்பு: என் கடிதத்தின் பிரதி.

சேரிடம் ஓடினேன். "நான் சொல்லிப் பாத்தனான், மேலிடம் கேக்கேல்லை" என்றார். கணினித் திரையில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

ஏப்ரல் 1

அண்ணை தன் சாமான்களை ஒரு கடுதாசிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார். ஒரு தேத்தண்ணிக் கோப்பை, ஒரு பூதக்கண்ணாடி, பிள்ளையின் படம். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பழைய ரியூப் றப்பரால் கட்டினார். நான் மாடி யன்னலில் நின்றேன். இறங்கிப் போக எத்தனை படி என்று எனக்குத் தெரியும், இருபத்தியாறு.

ஏப்ரல் 2

நாளைக்கு எழுதுவன். உண்மையை.

ஏப்ரல் 9

விசா விண்ணப்பம்.

மே 11

வவுனியாவுக்குப் போய்க் குளிர்ச்சட்டை வாங்கினோம். கைருன்னிஸா அக்காவின் கடை. அக்கா மூன்று அடுக்கு உடுப்பு எடுத்துப் போட்டு, "பனிக்க நிண்டாலும் குளிராது புள்ள" என்றா. முப்பத்தாறு பாகை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே நின்று, அதைப் போட்டுப் பார்த்தேன். அம்மா கண் கலங்கினா. எனக்கு வேர்வை ஓடியது.

கடிதத்தை இன்னும் எழுதவில்லை. மூன்று தரம் தொடங்கினேன். ஒவ்வொரு தரமும் 'துரதிர்ஷ்டவசமாக' என்று தொடங்குது. எது துரதிர்ஷ்டம்? ஆருக்கு?

ஜூன் 8, ஞாயிறு

பூநகரிக்குப் போனேன். பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் காவல். இறங்கி, வெயிலில் ஒரு கட்டைத் தூரம் நடந்து, விசாரித்துக் கண்டுபிடித்தேன். இத்தனை காலம் கூட வேலை செய்த மனுசனின் வீடு எனக்குத் தெரியாது.

சுரேகா அக்கா முற்றத்தில் நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பவில்லை. "உள்ளுக்கு நிக்கிறார்" என்றா. அவ்வளவுதான். 'வாங்கோ' சொல்லவில்லை.

அண்ணை வந்தார். விடியக் களப்புக்கு நண்டு பிடிக்கப் போய் வருகிறாராம், மச்சானின் தோணியில். கையெல்லாம் வெட்டு. நான் சொன்னேன், "அண்ணை, அந்தப் பொட்டு நான் வச்சது."

"தெரியும்."

"என்ன?"

"அண்டைக்குப் பாத்தனான். உங்களுக்குக் கடலை கொண்டந்தனான். நீங்கள் கீலத்தை இழுத்து வச்சுக்கொண்டு நிண்டனீங்கள். கண் மூடிக் கொண்டு நிண்டனீங்கள். சத்தம் போடாமத் திரும்பிப் போட்டன்."

"அப்ப ஏன் சொல்லேல்லை? ரெண்டு மேடு வந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சாமிக்கு வச்சதை நான் எப்பிடிப் பிழை எண்டுறது? பிறகு, நீங்கள் துடைச்சிருப்பியள் எண்டும் நினைச்சன்." வெட்டு விழுந்த கையைச் சாரத்தில் துடைத்தார். "நீங்கள் எல்லாருக்கும் முன்னால ஏசின அண்டைக்குச் சொல்ல வந்தனான். பிள்ளையள் நிண்டதுகள். உங்களுக்கு வெட்கமாப் போயிடும் எண்டு விட்டிட்டன்."

வலைப் பக்கம் இருந்து சுரேகா அக்கா சொன்னா: "இவர் எல்லாருக்கும் வெட்கப்படுவார். இவருக்கு ஆரும் படமாட்டினம்."

வெளிக்கிடும்போது அண்ணை உள்ளே போய் ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தார். பேப்பரில் சுற்றி, றப்பர் பட்டி போட்டு. இரண்டு கீலம். புதிது. வீட்டில், குசினிப் பக்கம் வைத்து, பிளாஸ்ரிக் தட்டில் அமிலம் ஊற்றி அரித்திருக்கிறார். "நீங்கள் சுரண்டின ரெண்டும் பழுதாப் போயிருக்கும். இருபத்து மூண்டும் இருபத்தைஞ்சும்" என்றார்.

பஸ்ஸில் சங்குப்பிட்டிப் பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. மடியில் பொதி.

ஜூன் 16

புதுக் கீலம் இரண்டையும் பூட்டினேன். எல்லாவற்றையும் மதுசாரத்தால் துடைத்தேன். அளந்தேன்.

ஒரு அகன்ற மேடு. உச்சியில் மெல்லிய ஒரு பள்ளம். இருக்கிறது என்று சொன்னால் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் சண்டை பிடிக்க ஏலாது. செப்பும் பலகையும் அலையில் பாதியைத் தின்றுவிடுகின்றன. பூரணமாவது மண்ணாவது.

அன்ரெனாவை ஐந்து மில்லிமீற்றர் இடப்பக்கம் தள்ளினேன். மேடு நகர்ந்தது. நாலரை, ஐந்து. திரும்ப வலப்பக்கம். கூடவே வந்தது. கதிரையில் இருந்து அழுதேன். வடிவில்லாத, மங்கலான, உண்மையான ஒரு மேடு.

ஜூன் 17

அனுப்பிவிட்டேன். ஹன்னாவுக்கு ஒன்று, பீடாதிபதிக்கு ஒன்று. 'துரதிர்ஷ்டவசமாக' இல்லாமல். 'பொட்டை வைத்தவள் நான். வேண்டுமென்றே மறைத்தேன். உதவியாளர் குகதாசனுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. மார்ச் 4இல் நான் எழுதியது பொய். அதனால் மார்ச் 31இல் அவருக்கு வேலை போனது.' புது அளவீட்டையும் இணைத்தேன்.

சேருக்கும் பிரதி போட்டேன்.

ஜூன் 20

சேர் என்னுடன் பேசுவதில்லை. படியில் கண்டால் கைபேசியைக் காதில் வைக்கிறார். மணி அடிக்காத கைபேசி.

ஜூலை 1, செவ்வாய்

ஹன்னாவின் பதில். ஐந்து வரி.

"புதிய அளவீடு நன்றாக இருக்கிறது. இதை மட்டும் முதலில் அனுப்பியிருந்தாலும் உங்களை எடுத்திருப்பேன். சந்தனப் பசை எனக்குப் பிரச்சினை இல்லை, எல்லா ஆய்வுகூடத்திலும் நடப்பதுதான். ஆனால் ஒரு மனிதர் வேலை இழந்து இரண்டரை மாதம் நீங்கள் பேசாமல் இருந்திருக்கிறீர்கள். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறேன்."

இதை மட்டும் முதலில் அனுப்பியிருந்தாலும்.

ஜூலை 2

அம்மாவிடம் சொன்னேன். அவ குளிர்ச்சட்டையை மடித்து அலுமாரியில் மேல்தட்டில் வைத்தா. பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டா. என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஓகஸ்ட் 5

பீடத்தின் முடிவு. எனக்குக் கடும் எச்சரிக்கை, வருட முடிவோடு தற்காலிக வேலையும் முடிகிறது. குகதாசன் அண்ணையின் பெயரில் இருந்த குற்றம் நீக்கம். வேலை? அந்த இடத்துக்கு மே மாதமே ஆள் எடுத்துவிட்டார்களாம், ஒன்றும் செய்ய ஏலாதாம். புது ஆள் லக்ஷன். நல்ல பெடியன். பற்றாசுக்கோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று நேற்றுத்தான் காட்டிக்கொடுத்தேன். சேரின் பெரியம்மாவின் பேரன்.

ஓகஸ்ட் 6

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயர் சுத்தமாகிவிட்டது என்றேன். எனக்கு இடம் போய்விட்டது என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன்? அவர் பாராட்டுவார் என்று நினைத்தேனா?

காற்றுத்தான் கேட்டது, கரையில் நின்றிருப்பார்.

"எனக்கு வேலை திரும்ப வராது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பிறகு ஏன் தங்கச்சி சொன்னனீங்கள்? சொல்லுறதெண்டா மார்ச்சில சொல்லியிருக்க வேணும். இப்ப ரெண்டு பேரும் இஞ்சை. ஒராளெண்டாலும் போயிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பிழையைக் காட்டுகிற குரலில் சொன்னார்.

செப்டெம்பர் 3

இன்று விமானம் ஏறியிருக்க வேண்டிய நாள். இரண்டாம் வருடத்துக்கு ஒளி முறிவு படிப்பித்தேன்.

ஒக்டோபர் 1, புதன்

வாணி விழா. சேர் புதுப் பேராசிரியர், பட்டு வேட்டி, முன்வரிசை. லென்ஸை மேசையில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். லக்ஷன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "மிஸ், இதுக்கும் வைக்கட்டோ?" என்றான்.

"வேண்டாம். போன வருசம் நான் வச்சனான். அதாலதான் குகதாசன் அண்ணைக்கு வேலை போனது."

அந்த அறையில், எல்லாருக்கும் முன்னால், முதல் தரமாகச் சொல்கிறேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸின் வழமையான பகிடி. சேர் மணியை எடுத்துக் கிலுக்கினார், தேவாரம் தொடங்கியது.

மத்தியானம் எல்லாரும் போன பிறகு லென்ஸைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து ஒருக்கா ஓடவிட்டேன். ஐந்து மில்லிமீற்றர் தள்ளினேன். மேடும் தள்ளியது. திரையைப் படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பினேன். கீழே, 'உங்கட இருபத்து மூண்டும் இருபத்தைஞ்சும்' என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு நீலக் குறியும் விழுந்துவிட்டன. பார்த்துவிட்டார்.